கயிற்றுக்கு வந்த ஐ

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் வாலுவும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம்தான் என்று டாக்டர் சொல்கிறார். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை விழுங்குகிறாரா, இன்னும் சட்டைப் பையிலேயே சேர்த்து வைக்கிறாரா?

உங்கள் கடைக்குப் போன் செய்தால் எடுக்கிற தையல் பெண்கள் என் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களைத் தேற்றுவதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். வாலு தூங்கின பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அவள்தான் காரணம்.

உங்கள் தம்பி படித்த பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியர் எழுதியிருக்கிறார். அங்கே படித்துப் போரில் உயிர் கொடுத்தவர்களுக்கு நினைவுச் சுவர் கட்டுகிறார்களாம். செப்டம்பரில் திறப்பு. கல்லில் வெட்டும் பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது. பெயருக்குக் கீழே எப்படி உயிர் கொடுத்தார் என்று ஒரு வரியும் வெட்டுவார்களாம். அப்பா என்ற முறையில் மாமா சரி என்று சொல்லிவிட்டாராம். மனைவி என்ற முறையில் நானும் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம்.

நான் தர மாட்டேன், அண்ணி.

ராணுவம் அனுப்பிய கடிதம் எனக்கு மனப்பாடம். "எதிரியின் தாக்குதலுக்கிடையே காயம்பட்டவர்களைக் கரை சேர்க்கையில் கயிறு அறுந்து, ஆற்றில் விழுந்து காணாமல் போனார்." இறந்தார் என்று அதில் இல்லை. புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். எழுதாத சொல்லை நானாகச் சேர்த்துப் படிக்க மாட்டேன். அவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். அடுத்த கரை எதிரியுடையது. ஒதுங்கியிருந்தால் அவர்களிடம் கைதியாகத்தான் இருப்பார். உயிரோடு இருக்கிற மனிதருக்குக் கல் வைப்பார்களா?

மாமாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். இன்னொன்று. அவரோடு இருந்த சமையல்காரர், உப்பு அண்ணன், விடுப்பில் வருகிறாராம். முதலில் உங்கள் வீட்டுக்கு, பிறகு இங்கே என்று எழுதியிருந்தார். அன்று அந்தக் கரையிலிருந்து கடைசியாக வந்தவர் அவர்தான். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிவப்புப் பேனா


மார்ச் 19

சிவப்புப் பேனாவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

நீ நல்லா இருக்கணும், அதுக்கு மேலதான் மற்றதெல்லாம். என் முதுகு அப்படியே இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் எழுதுகிற கடிதம், திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. கல்யாணமான புதிதில் நீ அப்படித் திருத்தி அனுப்பினதை இன்னும் கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்பாவிடம் பேசினேன். அவர் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவர் கட்டுகிற கொத்தனாரிடம் சண்டை போடுகிறார். "சுவரு சாயுது"ங்கிறார். கொத்தனார், "பெரியவரே, சுவரு நேராத்தான் நிக்குது, நீங்கதான் சாஞ்சு நிக்கிறீங்க"ன்னு சொல்லிட்டாராம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரை அப்படிச் சொல்லலாமா. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பெயர் விஷயத்தில் நான் உன் கட்சி. தம்பி ஒருநாள் வந்து நின்று அந்தக் கல்லைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பான். அவன் வரட்டும், நானே காட்டிக் கொடுக்கிறேன் யார் யார் சரி சொன்னார்கள் என்று.

உப்பு இன்னும் வரவில்லை. வந்தால் விட மாட்டேன், துருவி எடுத்துவிடுகிறேன்.

மாடிப்படி ஏறாதே. வாலுவுக்கு முத்தம்.

அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம்தானே? எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம், படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டே திருத்துகிறேன். பக்கத்துக்குப் பக்கம் யாராவது சாகிறார்கள். அச்சகத்தில் வேறு புத்தகம் கேட்டேன். கணக்குப் புத்தகம்தான் இருக்கிறதாம்.

இந்நேரம் உப்பு அண்ணனின் விடுப்பு தொடங்கியிருக்க வேண்டும். இங்கே வரவில்லை. அங்கே வந்தாரா?

ராணுவத்திலிருந்து இன்னொரு கடிதம். ஆகஸ்டு வரை தகவல் இல்லையென்றால் இறந்ததாகவே முடிவு செய்து வீரப் பதக்கம் தருவார்களாம். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? அவர் தண்ணீரில் விழுந்ததை உப்பு அண்ணன் பார்த்தாரா, நீந்தினதைப் பார்த்தாரா, இவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

உடனே எழுதுங்கள்.

உங்கள் சிவப்புப் பேனா


மே 9

அன்பான சிவப்புப் பேனாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடை தைத்துக் கை ஓயவில்லை. இந்த வருஷம் பையன்கள் எல்லாம் எப்படித்தான் வளர்ந்தார்களோ, போன வருஷ அளவு ஒன்றும் ஒத்து வரவில்லை. ஒரு அம்மா வந்து, "தொளதொளன்னு தையுங்க, ரெண்டு வருஷம் வரணும்"ங்கிறாள். பையன், "நான் கூடாரமா?"ங்கிறான்.

வாலுவுக்கு இரண்டு கவுனும் பிறக்கப் போகிறதுக்கு ஆறு சட்டையும் அனுப்பியிருக்கிறேன். முடிச்சு உள்பக்கம் உறுத்தாமல் தைத்திருக்கிறேன்.

அப்பா இப்போது கொத்தனாரோடு ராசி. ஆனால் தூக்கம் இல்லை. எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கயிற்றை அறுத்தப்போ பிள்ளை என்ன நினைச்சானோ என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

கல் விஷயம் யோசித்துப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றுகிறது. ஊரே மரியாதை செய்ய வரும்போது நாம் மூஞ்சியைத் திருப்பினால் நன்றாகவா இருக்கும். தம்பிக்கும் அந்தப் பள்ளிக்கூடம் என்றால் உயிராக இருந்தது.

உப்பு வந்துவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறார். அவசரமாகப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்டதையும் யோசிக்காதே.

அண்ணி


மே 14

அண்ணிக்கு,

சட்டைகள் வந்தன. அழகாக இருக்கின்றன.

உங்கள் கடிதத்தை வந்ததிலிருந்து கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் "தம்பி வந்தால் சிரிப்பான்" என்று எழுதினீர்கள். இப்போது "உயிராக இருந்தது" என்கிறீர்கள். அதைக்கூட விட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அச்சகத்துக் காவலாளி உட்பட.

விட முடியாதது இன்னொன்று. "கயிற்றை அறுத்தப்போ."

அறுந்தப்போ என்று எழுத நினைத்து, கை தவறி ந் போட வேண்டிய இடத்தில் த் போட்டிருக்கலாம். எவ்வளவு பெரிய எழுத்தாளர்களும் செய்கிற பிழை. ஆனால் அப்படி என்றால் "கயிறு அறுத்தப்போ" என்றல்லவா இருக்கும்? கயிற்றுக்கு ஐ எங்கிருந்து வந்தது? கயிறு தானாக அறுந்தால் அது கயிறு. யாராவது அறுத்தால்தான் அது கயிற்றை. ஒரே வரியில் இரண்டு பிழை வரும், அண்ணி. ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருத்தமாக வராது.

யார் அறுத்தார்கள்? உப்பு அண்ணன் உங்களிடம் என்ன சொன்னார்?

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 1

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

நலம், நலம் அறிய ஆசை. அது எழுத்துப் பிழைதான். என் எழுத்தை வைத்து நீ வழக்கு நடத்தாதே. எனக்கு ஐயும் தெரியாது கையும் தெரியாது. மெஷினை மிதித்துக்கொண்டே எழுதியது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றினார்களா? பிறக்கட்டும். எல்லாம் பிறகு பேசலாம்.

அண்ணி


ஜூலை 22

அண்ணிக்கு,

தம்பிப் பாப்பா பிறந்துவிட்டான். நாளுக்கு முன்னதாகவே வந்ததால் எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் சில நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். என் அம்மா கூட இருக்கிறார். நீங்கள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினீர்கள். வாலு பிறந்தபோது முதலில் அவளைக் கையில் வாங்கியது நீங்கள். காய்ச்சலோடு.

அந்த வரியை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். கயிற்றை யாரோ அறுத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் எதற்கு அறுக்கப் போகிறார்கள்? எதிரிதான் அறுத்திருக்க வேண்டும். அப்படியென்றால் எதிரி அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவன் பிடித்துக்கொண்டு போயிருப்பான். இதை மாமா தாங்க மாட்டார் என்றுதான் நீங்கள் மறைக்கிறீர்கள். கைதியாக இருப்பது சாவைவிட மோசம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை.

போர்க் கைதிகளைத் தேடும் அலுவலகத்துக்கு நேற்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போட்டுவிட்டேன். ஆகஸ்டுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பதிவுத் தபால். இரண்டு குழந்தைகளுக்கு அப்பா அவர். யாராவது ஒருத்தர் தேட வேண்டாமா?

வாலுவிடம் சொல்லிவிட்டேன், "அப்பா எங்க இருக்கார்னு அம்மா கண்டுபிடிச்சுட்டேன்"னு. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 30

என் கண்ணே,

உன் கடிதம் வந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இனிமே மறைச்சா அந்தப் பொண்ணைக் கொல்றதுக்குச் சமம், எழுது" என்றார்.

எழுத்துப் பிழை இல்லை. நீ படித்தது சரிதான். யார் அறுத்தது என்பதில் மட்டும்தான் தப்பு.

உப்பு ஏப்ரலிலேயே வந்தார். வாசலில் செருப்போடு நின்றார், உள்ளே வரவே மாட்டேன் என்றார். சொல்லி முடித்ததும் அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். உன்னைப் பார்க்கப் போகாதீர்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பினது நான். உனக்கு ரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தாய். பிள்ளை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறந்த பிறகு, பால் வற்றிவிடும் என்று பயந்தேன். பயந்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? உன் முகத்தைப் பார்த்தால் வாய் உளறிவிடும் என்றுதான் வரவில்லை. காய்ச்சல் பொய்.

அவன் அந்தக் கரையில் உயிரோடு இருக்கிறான் என்று உன்னை ஆசைப்பட வைத்தது என் மௌனம். நீ திட்டலாம்.

உப்பிடமே எழுதச் சொல்லிவிட்டேன். அவர் கடிதம் உனக்கு நேராக வரும். பக்கத்தில் அம்மா இருக்கும்போது பிரி.

அண்ணி


ஆகஸ்டு 5

மதிப்புக்குரிய தங்கச்சிக்கு,

நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதைப் பிடித்துத்தான் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தோம். மழையில் அந்தக் கரையில் கயிறு கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது. கயிறு தொய்ந்தால் ஒருத்தரும் ஆற்றைத் தாண்ட முடியாது. உங்கள் வீட்டுக்காரர் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு பாறையில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். "நான்தான்யா முளை, போங்க" என்றார். அவர் இழுத்துப் பிடித்த கயிற்றில்தான் எல்லோரும் வந்தோம். காயம்பட்டு நினைவிழந்த ஒருவனை முதுகில் கட்டிக்கொண்டு கடைசியில் நான் வந்தேன். நான் ஆற்று நடுவில் இருக்கும்போது அவருக்கு வயிற்றில் குண்டு பட்டது. கயிறு ஒரு தடவை ஆடியது. அப்புறம் முன்னைவிட விறைப்பாக நின்றது.

நான் இந்தக் கரை ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், அவரைத் தாண்டி எதிரிகள் கயிற்றில் இறங்கிவிட்டார்கள். பின்னால் இன்னும் நிறையப் பேர். இங்கே நடக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான். அவர், "உப்பு, அறு" என்று கத்தினார். எனக்குக் கை வரவில்லை. அவர் இடுப்பில் கட்டியிருக்கிற கயிறு, அத்தனை பேர் தொங்கும்போது முடிச்சை அவரால் அவிழ்க்க முடியாது. இங்கே அறுத்தால் வெள்ளம் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அது அவருக்கும் தெரியும். மறுபடி கத்தினார். இந்தத் தடவை என் சொந்தப் பெயரைச் சொல்லி. பிரிவில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர் அது.

காய்கறி நறுக்குகிற கத்திதான் என்னிடம் இருந்தது. அறுத்தேன்.

அவர் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தேன். இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே வரவில்லை. அவர் எங்கேயும் கைதியாக இல்லை, தங்கச்சி.

விசாரணையில் கயிறு அறுந்தது என்று சொன்னேன். கரையில் அப்போது நின்றது நான் மட்டும். மற்றவர்கள் காயம்பட்டவர்களோடு மேட்டுக்குப் போய்விட்டார்கள். அறுத்தேன் என்று வாயில் வரவில்லை.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உப்பு


ஆகஸ்டு 16

உப்பு அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்று அது மனதிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. வழக்கத்துக்காக எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மனதிலிருந்தும் வரும்.

முதல் இரண்டு நாள் உங்களை வெறுத்தேன். மூன்றாம் நாள், குண்டு பட்ட பிறகு கயிறு விறைப்பாக நின்றது என்ற வரியை மறுபடி படித்தேன். அவரால் அவ்வளவு செய்ய முடிந்ததை எனக்குச் சொல்ல உங்களைத் தவிர உலகத்தில் யாரும் இல்லை.

உங்களை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவர் சொன்னதைச் செய்தவரை மன்னிக்க நான் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கல்லில் "கயிறு அறுந்து" என்று வெட்டப் போகிறார்கள். பதக்கத்தோடு படிக்கிற குறிப்பிலும் அப்படித்தான் இருக்கும். கயிறு அறுந்து செத்தால் அது விபத்து, அண்ணா. அவருக்கு நடந்தது விபத்து இல்லை. ஆற்றில் என்ன நடக்கும் என்று தெரிந்து வாயால் சொன்னார், இரண்டு தடவை. ஊர் மரியாதை செய்வதென்றால் அவர் செய்ததற்குச் செய்யட்டும்.

நீங்கள் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் மாற்றிச் சொன்னதற்குத் தண்டனைகூட வரலாம். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். மாட்டேன் என்றால் நானாக யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் சம்மதமும் எழுத மாட்டேன். சுவரில் அவர் இடம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கைதிகள் அலுவலகத்துக்கு, தேட வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை


செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மூவரும் நலம். பால் வற்றவில்லை. பாப்பா இரண்டு கன்னமும் உப்பிப் போய், மாமாவைப் போலவே யாரைப் பார்த்தாலும் சண்டைக்கு வருகிற மாதிரி பார்க்கிறான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கடையைத் திறந்துவிட்டீர்களா?

உப்பு அண்ணன் போய்ச் சொல்லிவிட்டார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுபடி விசாரணை இருக்கும், அதுவரை பிரிவை விட்டுப் போகக் கூடாது என்றாராம். "ஆனா தங்கச்சி, சொல்லிட்டு வந்த அன்னைக்குத்தான் சோறு இறங்குச்சு" என்று எழுதியிருக்கிறார். விழாவுக்கு மட்டும் அனுமதி கேட்டிருக்கிறார். கிடைத்தால் உங்கள் வீட்டில்தான் தங்குவார். இந்த முறை அவரை வாசலில் நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும்தான்.

தலைமை ஆசிரியருக்குச் சம்மதம் எழுதினேன். "என் கணவர் இறந்துவிட்டார்" என்று முதல் முறையாக எழுதினேன். என் கையெழுத்தில் அந்தச் சொல் யாரோ எழுதினது போல இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை, ஒட்டிப் போட்டுவிட்டேன். "தோழர்களைக் காக்கக் கயிற்றை அறுக்கச் சொன்னார்" என்று கல்லில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். வரி நீளமாக இருக்கிறது, கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்வெட்டுகிறவருக்கு மாமா பக்கத்திலேயே நிற்கட்டும், சண்டை போட நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.

திட்டச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. அனுப்பவில்லை. நேரில் வரும்போது கொஞ்சம் திட்டுவேன். அப்போது எழுந்து போய்விடாதீர்கள்.

வாலுவிடம் நேற்றுச் சொன்னேன். அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன அதே வாயால். மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா இனிமே வர மாட்டார்டி, செத்துப் போயிட்டார்" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் அழவில்லை. கவுன் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப பாப்பா பொறந்தது அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

பொத்தானை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப யாரு போயி அவர்கிட்ட சொல்றது?"

இன்னும் நான் பதில் சொல்லவில்லை, அண்ணி. விழாவன்று மாமாவிடமும் உங்களிடமும் கேட்பாள். உப்பு அண்ணனிடமும் கேட்பாள். தெரியாது என்றே சொல்லுங்கள். அவளிடம் பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சிவப்புப் பேனா